தாபோர்த் தீவில் விடப்பட்டவன்

காணாமற்போன உறவினர் ஒருவரைத் தேடிப் புறப்படும் புதினங்கள் மேலை இலக்கியத்தில் பல உள. அவற்றுள் பெரும்பாலானவற்றில் தேடப்படுபவர் வெறும் சாக்காகவே அமைந்துவிடுகிறார். இரைடர் ஹேகர்டு 1885-இல் வெளியிட்ட 'சாலமோன் அரசனின் சுரங்கங்கள்' என்னும் புதினத்தில் தம்பியைத் தேடித்தான் அண்ணன் ஆப்பிரிக்காவின் உட்பகுதிக்குச் செல்கிறார். ஆயினும் நூலை மூடிய பின் நம் நினைவில் நிற்பவை வைரங்களே. தம்பியோ திரும்பும் வழியில் தற்செயலாகக் கண்ணில் படுகிறார். தேடலை விடப் புதையலே பெரிது என்பதைக் கதையின் அமைப்பே ஒப்புக்கொண்டு விடுகிறது.

பிரெஞ்சு எழுத்தாளர் ஜூல்ஸ் வெர்ன் (1828–1905) எழுதிய 'கேப்டன் கிராண்டின் பிள்ளைகள்' இவ்வகையில் வேறுபட்டது. 1865 முதல் 1867 வரை தொடராக வெளிவந்து, பின்னர் மூன்று பகுதிகள் கொண்ட நூலாகிய இப்புதினத்தில் புதையல் இல்லை. கைப்பற்ற வேண்டிய நாடும் இல்லை. ஒரு தந்தை தொலைந்து போயிருக்கிறார்; அவர் எங்கே என்பதுதான் முதற்பக்கம் முதல் இறுதி வரை உள்ள ஒரே கேள்வி. இந்நூலைச் சிறுவர் இலக்கியம் என்று ஒதுக்கிவிடுவோர் உண்டு. ஆனால் இதில் ஒரு பாவியின் கதையும் இருக்கிறது. அதை ஆசிரியர் எவ்வாறு முடித்தார், முடித்த பின் ஏன் மீண்டும் திறந்தார் என்பதை நோக்கும்போது, பெரியவர்களாகிய நாமும் நின்று சிந்திக்க வேண்டியிருக்கிறது.

கதையின் தொடக்கம் இது. 1864 சூலை 26 அன்று, கிளெனார்வன் பிரபு என்னும் ஸ்காட்லாந்துச் செல்வரின் 'டங்கன்' என்ற நீராவிப் படகு தன் வெள்ளோட்டத்தில் இருக்கிறது. கப்பலாட்கள் ஒரு சுறாமீனைப் பிடிக்கிறார்கள். அதன் வயிற்றில் ஒரு புட்டி. புட்டிக்குள் மூன்று தாள்கள். (யோனாவைப் படித்தவர்களுக்கு மீனின் வயிற்றிலிருந்து செய்தி வருவது புதிதன்று.) 1862-இல் 'பிரிட்டானியா' என்ற கப்பல் உடைந்தது என்றும், கேப்டன் கிராண்டும் இரு மாலுமிகளும் உதவி வேண்டி நிற்கின்றனர் என்றும் அத்தாள்களிலிருந்து தெரிகிறது. பிரபு இலண்டன் சென்று கடற்படைத் துறையிடம் உதவி கோருகிறார், மறுக்கப்படுகிறது. இதற்கிடையில் கிராண்டின் மகள் மேரியும் மகன் இராபர்ட்டும் தந்தையைப் பற்றி அறிய அம்மாளிகைக்கு வந்து சேருகின்றனர். மேரிக்குப் பதினாறு வயது, இராபர்ட்டுக்குப் பன்னிரண்டு. அரசு கைவிட்டதை நாம் கைவிடலாமா என்று முடிவெடுக்கத் தூண்டுபவர் பிரபுவின் இளம் மனைவி ஹெலனா சீமாட்டி. கிளாஸ்கோ நகரின் பழமையான புனித முங்கோ பேராலயத்தில் மன்றாடிய பின் கப்பல் புறப்படுகிறது.

இது வெறும் கற்பனை என்று அக்காலத்து வாசகர் எண்ணியிருக்க மாட்டார். வடதுருவக் கடல் வழியைத் தேடி 1845-இல் சென்ற சர் ஜான் பிராங்கிளினும் அவருடைய இரு கப்பல்களும் திரும்பவே இல்லை. 1854-இல் கடற்படைத் துறை அவர்கள் இறந்ததாகக் கணக்கை முடித்தது. அவருடைய மனைவி ஜேன் முடிக்கவில்லை. தம் பணத்தாலும் நன்கொடையாலும் 'பாக்ஸ்' என்ற சிறு கப்பலை 1857-இல் அனுப்பினார். 1859-இல் அக்குழுவினர் ஒரு கற்குவியலில் தகரக் குப்பியில் இட்ட குறிப்பு ஒன்றைக் கண்டெடுத்தனர். பிராங்கிளின் இறந்த செய்தி அத்தாளின் ஓரத்தில் எழுதப்பட்டிருந்தது. அந்தக் கப்பல்களின் உடற்பகுதிகள் கடலடியில் கண்டுபிடிக்கப்பட்டதோ 2014-இலும் 2016-இலும்தான். கடலுக்குச் சென்றவர் திரும்பாத வீட்டில் 'இறந்தார்' என்று சொல்ல நாவு எழாது. 2017-இன் ஒக்கிப் புயலுக்குப் பின் நம் கடற்கரைப் பங்குகளில் உடலில்லாமல் அடக்கத் திருப்பலி நிறைவேற்ற நேர்ந்த குருக்களுக்கு இதை நாம் விளக்க வேண்டியதில்லை. மேரி கிராண்டு தன் தந்தைக்காகக் கறுப்பு உடை அணிய மறுப்பவள் போன்றவள். அவளுடைய நம்பிக்கையை வெர்ன் கேலி செய்யாமல் எழுதியிருப்பது முதல் நன்மை.

இனி அந்த மூன்று தாள்களுக்கு வருவோம். ஒரே செய்தி ஆங்கிலத்திலும் ஜெர்மனிலும் பிரெஞ்சிலும் எழுதப்பட்டிருக்கிறது. கடல்நீர் மூன்றையும் அரித்துவிட்டது. ஒன்றில் அழிந்த சொல்லின் துண்டு மற்றொன்றில் எஞ்சியிருக்கிறது. அட்சரேகை மட்டும் தெளிவாக உள்ளது: தெற்கே 37 பாகை 11 கலை. தீர்க்கரேகை அழிந்துவிட்டது. ஆகவே அந்தக் கோட்டில் உலகைச் சுற்றிவர வேண்டும் என்பதே கதையின் சூழ்ச்சி. விவிலியத்தின் பழங்கையெழுத்துப் படிகளில் ஓட்டை விழுந்த வரிகளை அறிஞர்கள் எவ்வாறு நிரப்புகிறார்கள் என்பதைக் குருமடத்தில் பயின்றவர்களுக்கு இவ்வதிகாரம் தனிச்சுவை தரும். ஒரு படியை மற்றொரு படியோடு ஒப்பிடுவது, துண்டுச் சொல்லின் முழு வடிவத்தை ஊகிப்பது, ஊகத்தை உண்மை என்று நாளடைவில் நம்பிவிடுவது ஆகிய எல்லாமே இங்கு நிகழ்கின்றன.

பிரெஞ்சுத் தாளில் 'கோனி' என்று முடியும் ஒரு சொல் இருக்கிறது. அது 'பத்தகோனியா' என்று கொள்ளப்படுகிறது. 'கொடிய' என்ற பொருள் தரும் சொல்லின் அருகே 'இண்டி' என்று தொடங்கும் ஒரு துண்டு இருக்கிறது. அது 'இண்டியர்கள்', அதாவது தென்னமெரிக்கப் பழங்குடியினர் என்று கொள்ளப்படுகிறது. ஆகவே கேப்டன் கிராண்டு கொடிய பழங்குடியினரிடம் சிறைப்பட்டிருக்கிறார் என்று அனைவரும் முடிவு செய்கின்றனர். சிலி நாட்டுக் கரையில் இறங்கி, ஆந்தீசு மலையைக் கடந்து, சமவெளிகளினூடே அத்திலாந்திக் கரை வரை நடந்து பார்க்கின்றனர். தந்தை அங்கில்லை. உடனே 'ஆஸ்திரால்' என்ற சொல்லை வைத்து, இது ஆஸ்திரேலியா என்று இரண்டாம் வாசிப்பு பிறக்கிறது. அங்கும் இல்லை. ஆங்கிலத் தாளில் உள்ள 'அலாண்ட்' என்ற துண்டிலிருந்து நியூசிலாந்து என்று மூன்றாம் வாசிப்பு. அங்கும் இல்லை.

இவ்வாசிப்புகளின் தலைமை விளக்கவுரையாளர் பாகனெல். பாரிசுப் புவியியல் கழகத்தின் செயலர், மாபெரும் அறிஞர், மாபெரும் மறதிக்காரர். இந்தியாவுக்குச் செல்லும் கப்பல் என்று நினைத்து டங்கனில் ஏறிப் படுத்து உறங்கிவிட்டவர். எசுப்பானிய மொழி கற்பதாக எண்ணிக்கொண்டு போர்த்துக்கீசியம் கற்று முடித்தவர். இவரைப் படைத்ததில் வெர்னுக்குள்ள மகிழ்ச்சி ஒவ்வொரு பக்கத்திலும் தெரிகிறது. ஆனால் நகைச்சுவைக்கு அடியில் ஒரு கூர்மை உண்டு. பாகனெலுக்கு எல்லாம் தெரியும். அதனாலேயே எந்தத் துண்டையும் 'தெரியவில்லை' என்று விட்டு வைக்க அவரால் முடிவதில்லை. நூலிலிருந்து பொருளை எடுப்பது ஒன்று; நம் பொருளை நூலுக்குள் திணிப்பது வேறொன்று. விவிலிய வகுப்புகளில் பலமுறை சொல்லப்படும் இவ்வேறுபாட்டை இத்துணை எளிதாக விளக்கும் கதை வேறு உண்டா என்று நாம் ஐயுறுகிறோம்.

முடிவில் கிராண்டே தம் வாயால் அச்செய்தியை மனப்பாடமாகச் சொல்கிறார். அப்போதுதான் உண்மை வெளிப்படுகிறது. 'கோனி' பத்தகோனியாதான், ஆனால் கப்பல் உடைந்த இடம் அதிலிருந்து ஆயிரத்து ஐந்நூறு காதம் அப்பால். 'ஆஸ்திரால்' என்பது ஆஸ்திரேலியா அன்று, தென் அரைக்கோளம். 'கண்டம்' என்று படிக்கப்பட்ட துண்டு உண்மையில் 'தொடர்ந்து' என்ற சொல். 'இண்டி' என்பது பழங்குடியினர் அல்லர். 'இண்டிஜான்ஸ்', அதாவது வறுமை. கொடியவர்கள் என்று எவரும் அத்தாளில் இல்லை. கொடியதாக இருந்தது இல்லாமை ஒன்றே.

இந்த ஒரு துண்டில் நாம் சற்றுத் தங்க விரும்புகிறோம். நான்கெழுத்து மட்டுமே எஞ்சிய ஒரு சொல்லை வைத்து, கிளெனார்வன் பிரபுவின் நல்ல உள்ளம் படைத்த கூட்டம் ஒரு மக்களினம் முழுவதன் மேலும் குற்றம் சாட்டிவிட்டது. அவர்கள் தீயவர்கள் அல்லர். கருணையால் உந்தப்பட்டுக் கடல் கடந்தவர்கள். ஆயினும் ஓட்டையை நிரப்ப வேண்டியபோது தம் அச்சத்தைக் கொண்டே நிரப்பினர். கொடியவர்கள் என்று எதிர்பார்த்துச் சென்ற நாட்டில் அவர்களுக்குக் கிடைத்தவரோ தால்காவ் என்ற பழங்குடி வழிகாட்டி. மாபெரும் கழுகு சிறுவன் இராபர்ட்டைத் தூக்கிக்கொண்டு பறந்தபோது அதைச் சுட்டு வீழ்த்திக் காப்பாற்றியவர் அவரே. இந்த முரண்பாட்டை வெர்ன் அறிந்தே அமைத்தார் என்றுதான் கருத வேண்டியிருக்கிறது.

ஆனால் நூல் முழுவதும் அவர் இந்த விழிப்போடு எழுதினார் என்று சொல்ல இயலாது. நியூசிலாந்துப் பகுதியில் மாவோரி மக்கள் மனித இறைச்சி உண்ணும் அச்சுறுத்தலாகவே பெரிதும் காட்டப்படுகின்றனர். அங்கே அவருடைய பேனாவும் துண்டுச் சொற்களைத் தம் காலத்து அச்சங்களால்தான் நிரப்புகிறது. ஆஸ்திரேலியப் பகுதி இதனினும் மேலானது. ஆங்கிலக் குடியேற்றத்தால் அந்நாட்டுப் பழங்குடியினர் அழிக்கப்பட்டதை வெளிப்படையாகக் கண்டிக்கிறார். ஆங்கிலப் பள்ளியில் புவியியலில் முதற்பரிசு பெற்ற தோலினே என்ற பழங்குடிச் சிறுவன், உலகின் நாடுகளெல்லாம் இங்கிலாந்துக்கே உரியவை என்று பாடம் ஒப்பிக்கும் இடம் சிரிப்பூட்டுகிறது, பின்னர் உறுத்துகிறது.

இறுதியில் கிராண்டு கண்டெடுக்கப்படும் தீவின் பெயர் தாபோர். ஆங்கில, ஜெர்மானிய நிலப்படங்களில் அது மரியா தெரேசா; பிரெஞ்சுப் படங்களில் தாபோர். பிரெஞ்சுத் தாளில் 'அபோர்' என்ற துண்டு தெளிவாகவே இருந்தது. 'கரை சேர்தல்' என்ற பொருள் தரும் வினைச்சொல்லாக அதைப் பாகனெல் படித்துவிட்டார். எல்லாப் பெயர்களும் அறிந்த பிரெஞ்சுக்காரர் தம் மொழிப் பெயரையே தவறவிட்டார். ஆண்டவர் உருமாறிய மலையாக மரபு கூறும் தாபோரை அறிந்த கத்தோலிக்க வாசகர் இப்பெயரில் ஆழ்ந்த மறைபொருள் தேட ஆசைப்படலாம். அந்த ஆசைக்கு இடங்கொடுத்தால் நாமும் பாகனெல் ஆகிவிடுவோம். 1843-இல் அப்பகுதியில் அலை உடையும் பாறைகளைக் கண்டதாக அறிவித்த 'மரியா தெரேசா' என்ற திமிங்கில வேட்டைக் கப்பலின் தலைவர் பெயர் டேபர். அதிலிருந்து வந்ததே தாபோர். இன்னொரு வியப்பு: பிற்காலத்தில் அவ்விடத்தைத் தேடிப் பார்த்தவர்கள் அங்கே தீவும் காணவில்லை, பாறையும் காணவில்லை.

தந்தை கண்டுபிடிக்கப்படும் இரவு இந்நூலின் மிகச் சிறந்த பகுதி. கப்பல் தீவுக்கு அருகில் இருக்கிறது. இருளில் மேரியும் இராபர்ட்டும் மேல்தளத்தில் நின்று கடலைப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். உதவி கேட்டு அழைக்கும் ஒரு குரல் அலைகளின் மேல் வருகிறது. அது அப்பாவின் குரல் என்று இருவருக்கும் தெரிகிறது. ஓடிவந்த பெரியவர்கள் எதையும் கேட்கவில்லை. பிள்ளைகளுக்கு ஏக்கத்தால் வந்த மனமயக்கம் என்கின்றனர். ஆடுகள் தம் ஆயனின் குரலை அறியும் என்ற யோவான் நற்செய்தியின் உவமையை இங்கே நாம் நினைத்துக்கொள்கிறோம். கண்டங்களை அலசிய புவியியல் அறிவு கண்டறியாததை ஒரு குரல் முடித்துவிடுகிறது.

இவ்வளவும் சொன்னபின், மறைத்து வைத்திருந்த ஒரு பாத்திரத்தை இப்போது கொண்டுவர வேண்டும். கப்பல் அந்தத் தீவுக்குச் சென்றது கிராண்டைத் தேடியன்று. அவர் கிடைப்பார் என்ற நம்பிக்கையை எல்லாரும் ஏறத்தாழ இழந்துவிட்டிருந்தனர். கப்பல் சென்றது அயர்ட்டன் என்ற குற்றவாளியை அங்கே இறக்கிவிட.

அயர்ட்டன் 'பிரிட்டானியா'வில் பணிபுரிந்தவன். கப்பலைக் கைப்பற்றக் கலகம் செய்ய முயன்றான். கிராண்டு அவனை ஆஸ்திரேலியக் கரையில் இறக்கிவிட்டார். அங்கே பென் ஜாய்ஸ் என்ற பெயரில் தப்பியோடிய கைதிகளின் தலைவனானான். கிளெனார்வன் கூட்டத்தைச் சந்தித்தபோது, தானும் கப்பல் உடைந்து தப்பியவன் என்று நடித்து, அவர்களை நடுக்காட்டில் சிக்கவைத்து டங்கனைப் பறிக்கத் திட்டமிட்டான். அத்திட்டம் பாகனெலின் ஒரு கைப்பிழையால் முறிந்தது. கப்பலை ஆஸ்திரேலியக் கீழ்க்கரைக்கு வரச்சொல்லும் கடிதத்தை எழுதியபோது, கருத்து வேறெங்கோ இருந்ததால் நியூசிலாந்து என்று எழுதிவிட்டார். அந்தப் பிழை கப்பலையும் அனைவரையும் காத்தது. இறைப்பராமரிப்பை வெர்ன் மலிவாக்கிவிட்டார் என்று சொல்லும் திறனாய்வாளர் இருக்கலாம். நம் கருத்து அதுவன்று. தேவாலயச் சுவரில் எழுதிவைக்கும் அற்புதமாக அதை அவர் ஆக்கவில்லை, சிரிக்கவிட்டு நகர்ந்துவிடுகிறார்.

பிடிபட்ட அயர்ட்டன் வாய் திறக்க மறுக்கிறான். ஹெலனா சீமாட்டி பொறுமையோடு பேசிய பின் ஒரு பேரம் பேசுகிறான்: தனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன், ஆங்கில அதிகாரிகளிடம் ஒப்படைக்காமல் ஆளில்லாத தீவொன்றில் விட்டுவிடுங்கள். தூக்குமரத்துக்கும் விடுதலைக்கும் இடைப்பட்ட ஒரு வழி. பிரபு ஏற்கிறார். அவன் சொன்னதில் பயன் ஏதும் இல்லை. ஆயினும் கொடுத்த வாக்கைக் காப்பாற்றுகிறார். இவ்வாறு ஒருவனுடைய தண்டனைக்காகத் திருப்பப்பட்ட கப்பல் மற்றொருவருடைய விடுதலையாயிற்று.

கிராண்டு ஏறுகிறார், அயர்ட்டன் இறங்குகிறான். அதே குடிசை, அதே கரை. கருவிகளும் துணிகளும் படைக்கலங்களும் வெடிமருந்தும் அவனுக்குக் கொடுக்கப்படுகின்றன. உழைப்பினால் அவன் புத்துயிர் பெறலாம். எதுவும் அவனுக்குக் குறைவில்லை, விவிலியம் உட்பட நூல்களும் இருக்கின்றன என்று ஆசிரியர் நிறைவோடு எழுதிச் செல்கிறார். உள்ளங்களை அறியும் கடவுளின் பார்வையில் அவன் இருப்பான் என்றும், கிராண்டைப் போல இடம் தெரியாமல் அவன் மறக்கப்பட மாட்டான் என்றும் பிரபு சொல்கிறார். கப்பல் புறப்படுகிறது. நூல் திருமண மகிழ்ச்சியில் முடிகிறது.

எதுவும் குறைவில்லையா? நாம் இங்கேதான் ஆசிரியரோடு வழக்காட வேண்டியிருக்கிறது. தொடக்கநூல் இரண்டாம் அதிகாரத்தில், மனிதன் தனிமையாயிருப்பது நன்றன்று என்று கடவுள் கண்டது பாவத்துக்கு முன்பே. உழைப்புக்கு நிலமும், உண்ணக் கனியும், உலாவும் கடவுளும் இருந்த தோட்டத்திலேயே ஒரு குறை இருந்தது. கிராண்டு அதே தீவில் ஈராண்டுக்கு மேல் மனம் சிதையாமல் வாழ்ந்தார் என்றால், அவரோடு இரு மாலுமிகள் இருந்தனர் என்பதை வாசகர் மறந்துவிடுகிறார்; ஆசிரியரும் வற்புறுத்தவில்லை. அவர்கள் மூவர். இருவர் மூவர் கூடும் இடத்தைப் பற்றிய ஆண்டவரின் வாக்குறுதி அவர்களுக்கு இருந்தது. அயர்ட்டனுக்கு விவிலியம் இருந்தது. அதை அவனுக்கு வாசித்துக் காட்டவோ, அவன் வாசிப்பதைக் கேட்கவோ ஒருவரும் இல்லை. விவிலியத்தையும் உழைப்பையும் கொடுத்துவிட்டால் மனந்திரும்புதல் தானே விளையும் என்ற எண்ணம் அக்காலத்துச் சீர்திருத்தவாதிகளுடையது, திருச்சபையினுடையது அன்று. பாவ மன்னிப்புக்கு மற்றொரு மனிதரின் செவியும் கையும் வேண்டும் என்பதால்தான் ஒப்புரவு ஓர் அருட்சாதனமாக இருக்கிறது.

தொண்ணூற்றொன்பது ஆடுகளை விட்டுவிட்டு ஒன்றைத் தேடிய ஆயனின் கதையாக இப்புதினத்தைப் போற்றுவோர் உளர். உவமையை அவர்கள் பாதியே வாசிக்கிறார்கள். லூக்கா பதினைந்தாம் அதிகாரத்தில் தேடப்படுபவர் பாவி. இப்புதினத்திலோ நல்லவர் தேடப்படுகிறார், பாவி தொலைக்கப்படுகிறான். தந்தையைத் தேட மகளும் மகனும் இருந்தார்கள். அயர்ட்டனை 'அப்பா' என்று அழைக்க எவரும் இல்லை.

வெர்னுக்கே இது உறுத்தியது என்பதற்குச் சான்று அவர் 1874-75-இல் எழுதிய 'மர்மத் தீவு'. பலூனில் தப்பி வந்து ஆளில்லாத் தீவொன்றில் விழுந்த ஐந்து அமெரிக்கர்களின் கதை அது. அவர்களுக்கு மறைமுகமாகக் கிடைக்கும் ஒரு பெட்டியில் விவிலியம் இருக்கிறது. கேட்போரையும் தேடுவோரையும் பற்றிய மத்தேயு ஏழாம் அதிகார வசனத்தின் அருகே சிலுவைக் குறி இடப்பட்டிருக்கிறது. பின்னர் கடலில் மிதந்துவரும் ஒரு புட்டி அவர்களைத் தாபோர்த் தீவுக்கு இட்டுச் செல்கிறது. அங்கே அவர்கள் கண்டது பேச்சு மறந்து, அறிவு மங்கி, விலங்குபோல் பாயும் ஓர் உயிர். அதுவே அயர்ட்டன். முதலில் மனம் வருந்தினான், உழைத்தான், மன்றாடினான்; சில ஆண்டுகளில் தனிமை அவனைத் தின்றுவிட்டது. முதல் நூலின் இறுதியில் கொடுத்த உறுதிமொழியை ஆசிரியர் தாமே கிழித்துப் போடுகிறார். இவ்விரு நூல்களின் ஆண்டுக் கணக்குகள் ஒன்றுக்கொன்று பொருந்துவதில்லை. பதிப்பில் ஓர் அடிக்குறிப்பு போட்டுச் சமாளிக்க வேண்டியதாயிற்று. கணக்கைக் கெடுத்துக்கொண்டேனும் அந்த மனிதனை மீட்டாக வேண்டும் என்று ஆசிரியர் கருதினார் போலும்.

மீட்பு எப்படி வருகிறது? குழுவின் தலைவர் சைரஸ் ஸ்மித் அவனைக் கட்டுவதில்லை, விசாரிப்பதுமில்லை. அவன் யார் என்று அறியுமுன்னரே அவனோடு பேசுகிறார். காட்டோரத்திலும் கடலோரத்திலும் அழைத்துச் செல்கிறார். ஒருநாள் அவன் கண்களில் நீர் வருகிறது. அதைக் கண்டு, அவன் மீண்டும் மனிதனாகிவிட்டான் என்று ஸ்மித் மகிழ்கிறார். பின்னர் அவனே முன்வந்து தன் குற்றம் அனைத்தையும் அறிக்கையிடுகிறான். கேட்டு முடித்த ஸ்மித், மன்னிக்கப்பட்டாய் என்று சொல்லித் தம் கையை நீட்டுகிறார். அவன் பாய்ந்து அதைப் பற்றிக்கொள்கிறான். குருவும் இல்லை, திருக்கோவிலும் இல்லை. எனினும் மனவருத்தம், அறிக்கை, மன்னிப்பு, மீண்டும் கூட்டுறவு என்று ஒப்புரவின் படிகள் எல்லாம் வரிசை பிறழாமல் இருக்கின்றன. நாந்து நகரின் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்து, பிற்காலத்தில் வழிபாட்டில் அவ்வளவு ஈடுபாடு காட்டாத வெர்னின் உள்ளத்தில் சிறுவயது மறைக்கல்வி எவ்வளவு ஊறியிருந்தது என்பதற்கு இவ்வதிகாரங்களே போதும். அவர் எழுதிய இதழை நடத்திய எட்செலும் ஜான் மாசேயும் சமயச் சார்பற்ற கல்வியை விரும்பியவர்கள் என்பதையும் நினைவில் கொண்டால் இது இன்னும் வியப்பளிக்கும்.

எழுதியதை வாழ்வது எளிதன்று. கட்டுக்கடங்காத தம் மகன் மிஷேலை வெர்ன் சீர்திருத்த இல்லத்தில் வைத்தார். 1878-இல் இந்தியா செல்லும் கப்பலொன்றில் ஏற்றி அனுப்பினார். தொலைவும் கடும் உழைப்பும் இளைஞனைத் திருத்தும் என்ற அதே எண்ணம். அயர்ட்டனை ஒரு முறை தீவில் விட்டு, அது தவறு என்று மறுநூலில் எழுதி மூன்றாண்டு ஆன பின்பு இது. அவரைக் குறைசொல்ல இதைக் குறிப்பிடவில்லை. வீட்டுக்கு அடங்காத பிள்ளையைத் தொலைவிலுள்ள விடுதிக்கு அனுப்பிவிட்டு உறக்கமின்றிக் கிடக்கும் பெற்றோர் நம்மிடையேயும் உண்டு. மிஷேல் பின்னாளில் தந்தையோடு இணங்கினார்; அவருடைய மறைவுக்குப் பின் வெளிவராத நூல்களை வெளியிட்டவரும் அம்மகனே.

'மர்மத் தீவு' முடியுமிடத்தில் எரிமலை வெடித்துத் தீவு அழிகிறது. எஞ்சிய ஒரு பாறையில் அனைவரும் சாகக் கிடக்கின்றனர். தொலைவில் ஒரு கப்பல் தெரிகிறது. டங்கன் என்று முதலில் இனங்கண்டு சொல்பவன் அயர்ட்டன். வாக்களித்தபடி அவனை மீட்டுச் செல்லவே அது வந்திருக்கிறது. கப்பலை நடத்தி வருபவர் இராபர்ட் கிராண்டு. பன்னிரண்டு வயதில் தன் தந்தையைத் தேடிய சிறுவன், தந்தைக்குத் துரோகம் செய்தவனைத் தேடி இப்போது வந்திருக்கிறான். லூக்காவின் உவமை இங்கேதான் முழுமையடைகிறது. கப்பல் பறிக்கத் திட்டமிட்ட அயர்ட்டன், நெமோ விட்டுச்சென்ற மணிகள் நிறைந்த பேழையை உயிரைக் கொடுத்துக் காத்துவைத்து, ஒன்றும் குறையாமல் ஸ்மித்தின் கையில் கொடுக்கிறான்.

அப்போது ஸ்மித் இராபர்ட்டிடம் சொல்வதன் சாரம்: நீங்கள் குற்றவாளியாக விட்டுச் சென்றவரைப் பரிகாரம் நேர்மையாளராக்கிவிட்டது. நாம் இதை முழுதும் ஏற்கவில்லை. பன்னிரண்டு ஆண்டுப் பரிகாரம் அவனை விலங்காக்கியது. நேர்மையாளன் ஆக்கியது ஸ்மித்தின் கை. தம் கையின் பெருமையை அவர் தாமே சொல்லிக்கொள்ள முடியாது என்பதால் ஒருவேளை பரிகாரத்தின் மேல் ஏற்றிச் சொன்னார் எனலாம். இராபர்ட் என்ன மறுமொழி சொன்னார் என்று ஆசிரியர் எழுதவில்லை.

இரு நூல்களையும் வெளிவந்த வரிசையிலேயே படிக்க வேண்டும். முதல் நூலில் பாகனெலின் நீண்ட புவியியல் உரைகளை இளையோர் தாண்டிச் சென்றால் பெரிய இழப்பில்லை. ஆங்கிலத்தில் படிப்போர்க்குப் பிரெஞ்சுத் துண்டுச் சொற்களின் விளையாட்டில் ஒரு பங்கு குறையும். பிரெஞ்சு அறிந்த புதுவை வாசகர்கள் மூலத்திலேயே படித்து மகிழலாம். பங்கு நூலகத்துக்கென்று சுருக்கப் பதிப்பு வாங்க எண்ணுவோர், அயர்ட்டன் அறிக்கையிடும் அதிகாரம் அதில் இருக்கிறதா என்று புரட்டிப் பார்த்து வாங்குவது நலம்.